மோட்டார் சைக்கிளில் ஐரோப்பா: மாட்டை விற்றுப் போகலாமா?

அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிற விவசாயிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பழகியவைதான். மரவள்ளியில் குருத்து சுருண்டு நிற்கிறதே, என்ன செய்யலாம்? சொட்டுநீர் மானியத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும்? நிலக்கடலைக்கு ஜிப்சம் எத்தனையாவது நாளில் போடுவது? போன மாதம் ஒருவர் கேட்டது மட்டும் 30 வருடப் பணியில் நான் கேட்டிராத கேள்வி.

"ஏனுங்க சார், பையன் மோட்டார் சைக்கிள்ல ஐரோப்பா சுத்திட்டு வர்றேங்கறான். அஞ்சாறு நாடாமுங்க. ரெண்டு கறவை மாட்டை வித்துக் காசு குடுங்கறான். குடுக்கலாமுங்களா?"

அவருக்கு 3 ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, ஒரு போர், நான்கு கறவை மாடுகள். மகனுக்கு 26 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலை. 'ரெண்டு வருசத்துல தோட்டத்துக்கே வந்துடறேன், அதுக்கு முன்னாடி ஒரு தடவை உலகத்தைப் பார்த்துட்டு வர்றேன்' என்று சொல்கிறானாம். அப்பாவுக்குப் பயம் பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. "போறவன் திரும்பி மண்ணுக்கு வருவானுங்களா?" என்று கேட்டபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நான் ஐரோப்பா போனதில்லை. ஆனால் வேளாண்மை படித்தவனுக்கு ஐரோப்பாவின் வயல்கள் பாடப்புத்தகத்திலேயே பழக்கம். விசாரித்ததையும் படித்ததையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக்கே போனேன். மகனும் ஊருக்கு வந்திருந்தான். அன்று பேசியதுதான் இந்தக் கட்டுரை. இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஓட்டலில் வேலை பார்த்து வாங்கிய வண்டி

முதலில் அப்பாவிடம் ஒரு கதை சொன்னேன். கோவைப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடத்தில் கால் தரிக்கவில்லை. ஒருநாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் வண்டி எப்படி ஓடுகிறது என்பது அவர் மண்டையைக் குடைந்தது. வீட்டில் காசு கேட்கவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்தார். மூன்று ஆண்டுகள் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார் என்பது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. வண்டியின் பெயர் ரட்ஜ், இங்கிலாந்தில் செய்தது.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதோடு அவர் நிற்கவில்லை. திருகு திருகாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். அதில் கற்றதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் முதல். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1930-களில் ஐரோப்பா போனார். அவர் உருவாக்கிய 'ரசந்த்' மின்சார சவரக் கருவி ஜெர்மனியில் தயாரானது. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். 1937-ல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரைக் கோவையில் கொண்டுவந்தார். இன்று நம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு அங்கேதான் தொடக்கம்.

விவசாயத்தையும் அவர் விடவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்தி, பப்பாளி, சோளம் என்று ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவர் பண்ணையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பொறியியல் படிப்புக்காக அவர் கொடுத்த நன்கொடையில் 1945-ல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

"இதுல உங்க பையனுக்கு ரெண்டு பாடம் இருக்கு. வண்டிக்கான காசை அவர் தானே சம்பாதிச்சார். போன இடத்துல பார்த்ததை ஊருக்குக் கொண்டுவந்தார்" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா சிரித்தார்.

சாகுபடிச் செலவு போல ஒரு கணக்கு

அடுத்து கணக்குக்கு வந்தோம். நம் வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பி அங்கே ஓட்டுகிறவர்கள் உண்டு. பல நாடுகளைக் கடந்து போகிறவர்கள் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் எடுப்பார்கள். வண்டிக்கு அது பாஸ்போர்ட் மாதிரி. நம் நாட்டில் மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தில் வாங்கலாம். இரண்டு மூன்று வாரப் பயணத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் சிக்கனம். தமிழ்நாட்டில் செய்த ராயல் என்ஃபீல்டு வண்டிகளே இன்று ஐரோப்பாவில் ஓடுகின்றன. 1955-ல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த புல்லட், திரும்பவும் அங்கேயே போய் விற்பனையாகிறது!

18 நாள், சுமார் 4,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒரு யூரோவை 100 ரூபாயாகக் கொண்டு நான் போட்ட தோராயக் கணக்கு இது:

வண்டி வாடகை, நாளுக்கு ரூ.10,000 வீதம்: ரூ.1,80,000
பெட்ரோல், சுமார் 180 லிட்டர்: ரூ.30,000
எளிய தங்குமிடம், இரவுக்கு ரூ.5,000 வீதம்: ரூ.90,000
சாப்பாடு, நாளுக்கு ரூ.2,500 வீதம்: ரூ.45,000
போக வர விமானம்: ரூ.60,000
விசா, காப்பீடு, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி: ரூ.20,000
ஹெல்மெட், மேலங்கி, கையுறை, பூட்ஸ்: ரூ.25,000
மொத்தம்: ரூ.4,50,000

இது போக, வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். பழுதில்லாமல் ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும்.

மகனிடம் சேமிப்பு 3 லட்சத்துக்குச் சற்று மேல். மீதிக்குத்தான் மாடு. இரண்டு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்கு 16 லிட்டர் கறக்கின்றன. தீவனம், மருந்து எல்லாம் போக நாளுக்கு 250 ரூபாய் நிற்கிறது என்று அவரே சொன்னார். பால் வற்றிய நாட்களைக் கழித்து வருடத்துக்கு 300 நாள் என்றால் 75,000 ரூபாய். சாணமும் கன்றும் தனி. 18 நாள் பயணத்துக்காக ஆண்டுக்கு 75,000 ரூபாயை விடுவது விவசாயக் கணக்கில் சேராது. முதலில் கை வைத்துச் செலவு செய்யக்கூடாது என்பது நம் பாட்டன் காலத்துப் பாடம்.

இன்னொன்றும் சொன்னேன். விசா கிடைக்கும் என்று முன்கூட்டியே யாரும் உறுதி சொல்ல முடியாது. நிராகரித்தால் கட்டிய கட்டணமும் திரும்பாது. விசா கைக்கு வருமுன் மாட்டையோ நகையையோ தொடுவது, மழைக்கு முன் விதைக் கிழங்கை விற்றுச் சாப்பிடுவது மாதிரி.

காகிதங்களும் சாலை விதிகளும்

ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் 29 நாடுகளுக்குள் போய் வரலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கடைசி வாரம் வரை தள்ளக்கூடாது. வங்கிக் கணக்கு, வேலைச் சான்று ஆகியவற்றோடு ஊருக்குத் திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கலாம். ஓராண்டு செல்லும். உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் வகை இருக்க வேண்டும். பெரிய வண்டிக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கிற வாடகை நிலையங்களும் உண்டு.

அங்கே வலதுபுறம்தான் ஓட்ட வேண்டும். ரவுண்டானாவில் இடப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். பிரான்சில் தரச்சான்று பெற்ற கையுறை இல்லாமல் ஓட்டினால் அபராதம். பெல்ஜியத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, கணுக்கால் மூடிய காலணி எல்லாம் சட்டம். லுங்கியோடு, செருப்பும் இல்லாமல், பின்னால் புல்லுக்கட்டு வைத்து ஓட்டுகிற நமக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். தலையில் அடிபட்டு ஆளை இழந்த வீடு நம் ஊர்ப் பக்கம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இராது.

மலைப்பாதையைப் பற்றி மகன் கனவோடு பேசினான். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். "ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. வளைவுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனா அங்க ஜூன்லயும் ஓரத்துல பனி கிடக்கும். குளிர்காலத்துல பாதையையே மூடிடுவாங்க. ஜூன் கடைசியில இருந்து செப்டம்பருக்குள்ள போறது நல்லது" என்றேன்.

வழியில் நிறுத்த வேண்டிய நான்கு இடங்கள்

கோபுரத்தின் முன் நின்று படமெடுக்க எல்லோருக்கும் தெரியும். விவசாயி மகன் வண்டியை நிறுத்த வேண்டிய இடங்கள் வேறு. நான் எழுதிக் கொடுத்தவை நான்கு.

முதலாவது, நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலம். அங்கே ஏலம் மேலிருந்து கீழே வருகிறது. கடிகார முள் அதிக விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ சொந்தம். நொடிகளில் முடிந்துவிடும். இப்போது பெரும்பாலோர் கணினி வழியாகவே வாங்குகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, அந்த ஏல நிறுவனம் யாருடையது என்பதை. பூ வளர்க்கிறவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு அது. 100 ஆண்டுக்கு மேல் நிற்கிறது. சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்கள். கிழங்கு போடுகிற நாம் அதற்கு வெளியே நிற்கிறோம். விலை சொல்லும் இடத்தில் விளைவிப்பவன் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஆல்ஸ்மீர் போகலாம்.

இரண்டாவது, ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை. மோட்டார் சைக்கிள்காரர்கள் விரும்பி ஓட்டும் சாலை. இரு பக்கமும் செங்குத்தான சரிவில் திராட்சை. பிரெம் ஊருக்கு அருகே கால்மோன்ட் என்ற சரிவு, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. டிராக்டர் ஏறாது. கையால் வேலை செய்கிறார்கள். ஆள் கூலி கட்டாமல் விட்டுப்போன சரிவுகளும் அங்கே உண்டு. ஆள் பற்றாக்குறை நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

மூன்றாவது, இத்தாலியின் வெர்செல்லி. ஐரோப்பாவில் நெல் வயல்! ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் நெல்லில் சுமார் பாதி இத்தாலியில்தான் விளைகிறது. போ ஆற்றிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் நீளும் காவூர் கால்வாயை 1863-ல் தொடங்கி 1866-ல் முடித்தார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் முட்டளவு தண்ணீரில் நின்று நாற்று நட்டு, களை எடுத்தார்கள். நம் ஊர்ப் பெண்களைப் போலவே பாட்டுப் பாடிக்கொண்டுதான். இன்று விதைப்பும் களையும் இயந்திரத்துக்கும் மருந்துக்கும் போய்விட்டன. 2022 கோடையில் போ ஆறு வறண்டபோது அந்த வயல்களும் வெடித்துக் கிடந்தன. போ சமவெளியின் மாட்டுப் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் நம் பஞ்சாபிகள் ஏராளம்.

நான்காவது, ஸ்பெயினின் வலென்சியா. வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பேராலய வாசலில் கருப்பு மேலாடை அணிந்த எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். எட்டு வாய்க்கால்களுக்கு விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பிரதிநிதிகள். தூரியா ஆற்றுப் பாசனத்தில் முறை தவறித் தண்ணீர் எடுத்தவர், மடையை உடைத்தவர், வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டவர் மீது வழக்கு. வக்கீல் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. எந்த வாய்க்கால் சம்பந்தப்பட்ட வழக்கோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்புச் சொல்வதில் சேரமாட்டார். தீர்ப்பு அங்கேயே, அப்போதே. இந்தத் தண்ணீர் நீதிமன்றத்துக்குச் சுமார் 1,000 ஆண்டு வயது என்பது அவர்கள் மரபு. 2009-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

இதைச் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் பங்காளிக்கும் பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறையில் 11 வருடமாக வழக்கு நடக்கிறது.

கொண்டு வரக் கூடாதது

"அங்கிருந்து நல்ல தக்காளி விதை, ரெண்டு திராட்சைக் குச்சி கொண்டாந்து வெச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன் சார்" என்றான் மகன். அந்த இடத்தில் மட்டும் என் குரல் உயர்ந்துவிட்டது.

அதே திராட்சையின் கதையைச் சொன்னேன். 1860-களில் பிரான்சின் தெற்கே திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. வேரைத் தோண்டிப் பார்த்த பிளான்ஷான் என்ற அறிஞர் 1868-ல் கண்டது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சாறு உறிஞ்சும் பூச்சி. பெயர் பில்லோக்செரா. அமெரிக்காவிலிருந்து யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்த கொடிகளோடு வந்தது. தீர்வு சொல்பவருக்கு பிரெஞ்சு அரசு 3,00,000 பிராங்க் பரிசு அறிவித்தது. பூச்சியைக் கொல்ல எந்த வழியும் நிற்கவில்லை. கடைசியில் பூச்சியைத் தாங்கி நிற்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்றும் ஐரோப்பாவின் திராட்சை பெரும்பாலும் அந்த ஒட்டில்தான் நிற்கிறது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டு ஊரை விட்டுப் போய்விட்டன.

இது வெள்ளைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, அடுத்து சேலம், நாமக்கல், தர்மபுரி மரவள்ளியைச் சுருட்டிய மாவுப்பூச்சியும் அயல்நாட்டு வரவுதான். மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்ததை நாம் பார்த்தோம். கடைசியில் உதவியது அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி. அதன் பயணத்தைக் கேளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து 1981-ல் ஆப்பிரிக்கா போனது. அங்கே மரவள்ளியைக் காப்பாற்றிய அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெர்ரன் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-ல் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்துக்கு வந்தது. தனிமைப்படுத்தி, சோதித்து, அனுமதி பெற்று, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள்.

பூச்சி வந்தது திருட்டு வழியில், குளவி வந்தது முறையான வழியில். வித்தியாசம் அவ்வளவுதான். வெளிநாட்டு விதை, குச்சி, கிழங்கு எதையும் இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது 2003-ம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி குற்றம். மண்ணையும் கொண்டுவரக் கூடாது. பண்ணையில் நடந்த பூட்ஸைக் கழுவிக் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். கொண்டுவர வேண்டியது படங்கள், குறிப்புகள், நல்ல கேள்விகள். பிடித்த ரகம் ஏதாவது இருந்தால் பெயரை எழுதி வந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம்.

போகலாமா, கூடாதா?

நான் சொன்ன முடிவு இதுதான். போகட்டும். ஆனால் மாடு தொழுவத்திலேயே இருக்கட்டும். இன்னும் ஒரு வருடம் சம்பளத்தில் சேர்க்கட்டும். அதற்குள் குப்பனூர் வழியாக ஏற்காடு, அப்புறம் கொல்லிமலை, வால்பாறை என்று ஓட்டிப் பழகட்டும். டயர் மாற்றவும் செயின் சரிசெய்யவும் கற்றுக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் பார்த்த நான்கு இடங்களைப் பற்றி நம் உழவர் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். இதுதான் என் நிபந்தனை.

அவன் மண்ணுக்குத் திரும்புவானா என்று அப்பா கேட்டாரே, அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன். போக விடாமல் பிடித்து வைத்த பிள்ளைகளில் பலர், அப்பா காலம் முடிந்ததும் தோட்டத்தை மனையாகப் பிரித்து விற்றார்கள். போய்ப் பார்த்துவிட்டு, தானே முடிவு செய்து வந்தவர்கள்தான் இன்று எங்கள் வட்டாரத்தில் பந்தல் காய்கறியும் நிழல்வலைக்கூடமும் வைத்து நிற்கிறார்கள்.

போன வாரம் அப்பா மறுபடி அலுவலகம் வந்தார். மாடு விற்கவில்லை. மகன் அடுத்த ஜூலையில் போகிறானாம், சொந்தக் காசில். பட்டியலில் அப்பா ஒன்றே ஒன்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

"அந்தத் தண்ணிக் கோர்ட்டுல, முறை தப்பித் தண்ணி பாய்ச்சுனவனுக்கு எவ்வளவு அபராதம் போடறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லிருக்கேனுங்க சார். வந்ததும் பங்காளியவும் கூட்டியாந்து உக்கார வெச்சுப் பேசிப் பாக்கலாமுங்க" என்றார்.